டெஸ்ட் குடுத்த நாலு எழுத்தைத் தாண்டி: காக்னிட்டிவ் ஃபங்ஷன்ஸ் புதுசா படிக்கறவங்களுக்கு

நம்ம குணம் எந்த வகைன்னு நாலு எழுத்துல சொல்ற ஒரு டெஸ்ட் ஆன்லைன்ல எழுதுறோம், ஐஎன்எஃப்ஜே-ன்னு வருது, விளக்கத்தைப் படிச்சா நம்மள பக்கத்துல இருந்து பாத்து எழுதின மாதிரியே இருக்கு, மூணு மாசம் கழிச்சு சும்மா மறுபடி எழுதினா ஐஎன்எஃப்பி-ன்னு வருது. ஒரு எழுத்துதானே மாறியிருக்கு, ரெண்டும் கிட்டத்தட்ட ஒண்ணுதான்னு விட்டுருவோம். நானும் அப்படித்தான் விட்டேன். ஆனா ஃபங்ஷன் கணக்குல பாத்தா இந்த ரெண்டு டைப்பும் பக்கத்து வீடு கிடையாது, முதல் நாலு ஃபங்ஷன்ல ஒண்ணுகூட ரெண்டுக்கும் பொதுவா இல்ல. இது தெரிஞ்ச அன்னிக்குத்தான் நான் டெஸ்ட் எழுதுறத நிறுத்திட்டு ஒழுங்கா படிக்க ஆரம்பிச்சேன். எந்த வரிசையில படிச்சா குழப்பம் கம்மியா இருக்கும்னு எனக்கு அப்போ யாரும் சொல்லல, அதைத்தான் இங்க எழுதுறேன்.

ஒரு சின்ன விஷயம் முதல்ல. ஃபங்ஷன்னு சொன்னா நமக்கு காதுகுத்து, கிரகப்பிரவேசம்தான் ஞாபகம் வரும். இங்க அதுக்கு அர்த்தம் மனசு வேலை செய்யுற ஒரு விதம், அவ்ளோதான்.

படி 1: இது எங்கிருந்து வந்துச்சுன்னு தெரிஞ்சுக்கங்க

இதைத் தாண்டிப் போயிடலாம்னு தோணும், போகாதீங்க, பாதிக் குழப்பம் இங்கதான் தீரும். சுவிட்சர்லாந்து மனநல மருத்துவர் கார்ல் யுங் 1921-ல டைப் பத்தி ஒரு பெரிய புத்தகம் போட்டார். அதுக்குப் பின்னாடி இருந்தது அவரோட சொந்த வாழ்க்கையில வந்த ஒரு பிரிவு. மனப்பகுப்பாய்வைத் தொடங்கி வச்ச சிக்மண்ட் ஃப்ராய்டோட அவருக்கு இருந்த நட்பு 1913 வாக்குல முறிஞ்சு போச்சு, அதுக்கு முன்னாடியே ஃப்ராய்ட் கூட்டத்துல இருந்த இன்னொரு டாக்டர் ஆட்லரும் அவரை விட்டுப் பிரிஞ்சிருந்தார். ஒரே மாதிரி நோயாளிகளைப் பாத்துட்டு ஃப்ராய்டும் ஆட்லரும் எப்படி இவ்ளோ வேற வேற முடிவுக்கு வர்றாங்க, ரெண்டு பேருமே புத்திசாலிங்கதானேன்னு யுங் யோசிச்சார். ஃப்ராய்ட் வெளிய இருக்கற ஆளுங்க, உறவு, ஆசைப்படுற பொருள்னு அந்தப் பக்கத்துல இருந்து பாக்கறார், ஆட்லர் உள்ளுக்குள்ள அந்த ஆள் தன்னை எப்படிக் காப்பாத்திக்கறான்னு பாக்கறார். அங்கிருந்துதான் எக்ஸ்ட்ராவெர்ட், இன்ட்ரோவெர்ட் பேச்சு வளருது. அதாவது கூட்டத்துல பேசுறவன், பேசாதவன்ங்கிற அர்த்தமே முதல்ல கிடையாது, கவனம் எந்தப் பக்கம் ஓடுதுங்கறதுதான் விஷயம்.

அமெரிக்காவுல கேத்தரின் பிரிக்ஸ்னு ஒரு அம்மா தனியா மனுஷங்க குணத்தை வகை பிரிச்சுட்டு இருந்தாங்க, 1923-ல யுங் புத்தகம் இங்கிலீஷ்ல வந்ததும் அதைப் பிடிச்சுக்கிட்டாங்க. அவங்க பொண்ணு இசபெல் பிரிக்ஸ் மையர்ஸ் ரெண்டாம் உலகப் போர் நேரத்துல அதை ஒரு கேள்வித்தாளா மாத்தினாங்க. எம்பிடிஐ-ன்னு நாம சொல்றது அதுதான். நாலாவது எழுத்து இருக்கே, ஜே (ஜட்ஜிங்), பி (பர்சீவிங்), அது யுங் நேரடியா குடுத்தது இல்ல, இவங்க சேர்த்தது. இதை ஞாபகம் வச்சுக்கங்க, நாலாவது படியில வேணும்.

படி 2: நாலு வேலையை மட்டும் முதல்ல பிடிங்க

எட்டு ஃபங்ஷனையும் ஒரே ராத்திரியில மனப்பாடம் பண்ணப் பாக்காதீங்க. முதல்ல நாலு. சென்ஸிங் (எஸ்), இன்ட்யூஷன் (என்), திங்கிங் (டி), ஃபீலிங் (எஃப்). யுங் இதை ரொம்ப எளிமையா விளக்குவார், ஒண்ணு இருக்குன்னு சொல்றது சென்ஸிங், அது என்னன்னு சொல்றது திங்கிங், அதுக்கு எவ்ளோ மதிப்புன்னு சொல்றது ஃபீலிங், அது எங்கிருந்து வந்து எங்க போகும்னு மோப்பம் பிடிக்கறது இன்ட்யூஷன்.

இதுல சென்ஸிங்கும் இன்ட்யூஷனும் விஷயத்தை உள்ள வாங்குற வேலை. திங்கிங்கும் ஃபீலிங்கும் வாங்கினதை வச்சு முடிவு பண்ற வேலை. நிறைய பேர் ஃபீலிங்னா அழுகை, உணர்ச்சிவசப்படுறதுன்னு நினைக்கறாங்க, எனக்கு இது ரொம்ப வருத்தமான விஷயம், ஏன்னா இதனாலேயே எத்தனையோ பசங்க தனக்கு எஃப் வந்துடுச்சுன்னு வெக்கப்பட்டு டெஸ்டை மாத்தி மாத்தி எழுதுறாங்க. யுங் ஃபீலிங்க பகுத்தறிஞ்சு முடிவு பண்ற பக்கத்துலதான் வச்சிருக்கார், திங்கிங்குக்குச் சமமா. எது முக்கியம், எது மனுஷனுக்கு நல்லது, எதை விட்டுக்குடுக்கக் கூடாதுன்னு எடை போடுறதுதான் அது. திங்கிங் டைப் ஆளும் விக்கி விக்கி அழுவாரு, ஃபீலிங் டைப் ஆளும் கணக்குல கில்லாடியா இருப்பாரு.

படி 3: ஒவ்வொண்ணுக்கும் ரெண்டு திசை

நாலு வேலை, ஒவ்வொண்ணும் வெளிய பாக்கலாம், உள்ள பாக்கலாம், ஆக எட்டு. சுருக்கமா எழுதும்போது வேலையோட எழுத்து முதல்ல, திசை அடுத்து: ஐ-ன்னா உள்ள, இ-ன்னா வெளிய. எஃப்ஐ, எஃப்இ, டிஐ, டிஇ, எஸ்ஐ, எஸ்இ, என்ஐ, என்இ. இதைத் தனித்தனியா படிச்சா மண்டையில நிக்காது, ஜோடி ஜோடியா, ஒரே இடத்துல வச்சு ரெண்டு பேர் என்ன பண்றாங்கன்னு பாருங்க, அப்போதான் பிடிபடும்.

எஃப்இ, எஃப்ஐ ஜோடிக்கு நான் எப்பவும் சொல்ற உதாரணம் துக்க வீடு. ஒரு அக்கா உள்ள நுழைஞ்ச உடனே அவங்க கண்ணு எல்லாப் பக்கமும் போகும், யாரு காலையில இருந்து சாப்பிடல, வயசான சித்தி எங்க உக்காந்திருக்காங்க, யாருக்கு காபி குடுக்கணும், எந்தப் பேச்சை இப்போ எடுக்கக் கூடாது, யாரையாவது அந்தப் பக்கம் தள்ளிக் கூட்டிட்டுப் போகணுமா. இது எஃப்இ, அந்த இடத்துல நிக்கற மனசுங்களுக்கு நடுவுல ஓடுறத வாசிச்சு அதுக்கு ஏத்த மாதிரி நடக்கறது. இன்னொருத்தர் வருவாரு, யாருகிட்டயும் ரெண்டு வார்த்தை பேச மாட்டாரு, எல்லாரும் சொல்ற ஆறுதலை சொல்ல அவருக்கு வாய் வராது, ஏன்னா அது அவருக்கு உண்மையா படல, போய் அந்த மகன் பக்கத்துல ஒரு மணி நேரம் சும்மா உக்காந்திருப்பாரு, தனக்கு இப்படி ஒரு இழப்பு வந்தா எப்படி இருக்கும்னு உள்ளுக்குள்ள தொட்டுப் பாத்துட்டு அங்கிருந்து அவனைப் புரிஞ்சுக்குவாரு. இது எஃப்ஐ. ரெண்டும் பாசம்தான். ஆனா முதல் ஆளுக்கு ரெண்டாவது ஆள் ஒட்டாதவரா தெரிவாரு, ரெண்டாவது ஆளுக்கு முதல் ஆள் நடிக்கற மாதிரி தெரியும், வீட்டுக்குள்ள எவ்ளோ மனஸ்தாபம் இந்த ஒரு இடத்துல இருந்து கிளம்புதுன்னு யோசிச்சுப் பாருங்க. எனக்கும் என் தங்கச்சிக்கும் நடுவுல பல வருஷம் இருந்தது இதுதான்.

டிஇ, டிஐ-க்கு மிக்ஸி. இட்லிக்கு அரிசியும் உளுந்தும் ஊறிட்டு இருக்கு, மிக்ஸி நின்னு போச்சு. டிஇ உடனே வெளிய பாக்கும், வாரண்டி இருக்கா, சர்வீஸ் கடை எத்தனை மணி வரைக்கும், புதுசு வாங்கினா எவ்ளோ, இன்னிக்கு பக்கத்து வீட்டு கிரைண்டர்ல ஆட்டிக்கலாமா, வேலை முடியணும். டிஐ-க்கு அது ஏன் நின்னுச்சுன்னு தெரியாம அந்த இடத்தை விட்டு நகர முடியாது, ஓவர்லோட் ஸ்விட்சா, கார்பன் தேஞ்சுதா, கழட்டிப் பாத்து உள்ள எப்படி இயங்குதுங்கற படம் மண்டைக்குள்ள முழுசானாதான் நிம்மதி, அரிசி அது பாட்டுக்கு ஊறட்டும். டிஇ கேக்கற கேள்வி இது வேலைக்கு ஆகுமா, டிஐ கேக்கற கேள்வி இது முன்னுக்குப் பின் முரண் இல்லாம நிக்குதா.

எஸ்இ, எஸ்ஐ. ரசம் வைக்கும்போது கரண்டியில எடுத்து நாக்குல விட்டு, இப்போ இந்தப் புளி தூக்கலா இருக்கு, கொஞ்சம் தண்ணி, கொஞ்சம் மிளகுன்னு அந்த நிமிஷத்துலயே விளையாடுறது எஸ்இ. எஸ்ஐ அப்படி இல்ல, அதுக்கு ரசம்னா உள்ள ஏற்கனவே ஒண்ணு பதிஞ்சு இருக்கு, ஆச்சி வீட்டு ஈயச்சொம்பு ரசம், அதோட வாசனை, அது குடிச்சப்போ உடம்பு எப்படி இருந்துச்சு, இன்னிக்கு வர்றது எல்லாம் அதோடதான் ஒப்பிட்டுப் பாக்கப்படும். எஸ்ஐ-ன்னா ஞாபக சக்தின்னு சுருக்கமா எழுதிடுறாங்க, அது பத்தாது. பரீட்சைக்குப் படிச்சது மறந்து போற எஸ்ஐ ஆளும் உண்டு. ஒரு பொருள் நமக்குள்ள விட்டுட்டுப் போற தடம் அந்தப் பொருளை விட பெருசா இருக்கறதுதான் எஸ்ஐ.

என்இ ஒண்ணுல இருந்து பத்துக்குப் போகும், என்ஐ பத்துல இருந்து ஒண்ணுக்கு வரும். ஒரு காலிக் கடையைப் பாத்தா டீக்கடை போடலாம், ட்யூஷன் நடத்தலாம், ஏன் ரெண்டையும் சேத்து வைக்கக் கூடாதுன்னு கிளை விட்டுட்டே போறது என்இ. அதே தெருவை ரொம்ப நாளா பாத்துட்டு, எப்படின்னு விளக்கம் சொல்ல வராம, இந்தத் தெரு இன்னும் அஞ்சு வருஷத்துல முழுக்க ஹாஸ்டலா ஆகிடும்னு ஒரே ஒரு படத்துல போய் நிக்கறது என்ஐ. ஆன்லைன்ல என்ஐ-ய தீர்க்கதரிசனம் ரேஞ்சுக்கு தூக்கி வச்சிருக்காங்க, அது வேண்டாம், என்ஐ தப்பாவும் போகும், அப்படித் தப்பா போகும்போது அந்த ஆளை அதுல இருந்து இறக்குறது ரொம்ப கஷ்டம்.

படி 4: நாலு எழுத்தை ஃபங்ஷன் வரிசையா மாத்துறது

இதுதான் எல்லாரும் விட்டுட்டு ஓடுற இடம், ஆனா பேப்பர் பேனா எடுத்து ஒரு தடவை போட்டா அஞ்சு நிமிஷ வேலை.

கடைசி எழுத்தைப் பாருங்க. ஜே-ன்னா முடிவு பண்ற வேலை, அதாவது டி அல்லது எஃப், வெளிய பாக்குது. பி-ன்னா உள்ள வாங்குற வேலை, எஸ் அல்லது என், வெளிய பாக்குது. வெளிய பாக்காத இன்னொண்ணு உள்ள பாக்குது. இப்போ முதல் எழுத்துக்கு வாங்க. இ-ன்னா வெளிய பாக்கறதுதான் முதல் ஃபங்ஷன், ஐ-ன்னா உள்ள பாக்கறது முதல் ஃபங்ஷன். மிச்சம் இருக்கறது ரெண்டாவது. மூணாவது, ரெண்டாவதுக்கு நேர் எதிர். நாலாவது, முதலாவதுக்கு நேர் எதிர், எதிர்னா எழுத்தும் மாறும் திசையும் மாறும்.

ஐஎஸ்எஃப்ஜே போட்டுப் பாப்போம். கடைசி ஜே, அதனால எஃப் வெளிய, எஃப்இ. அப்போ எஸ் உள்ள, எஸ்ஐ. முதல் எழுத்து ஐ, அதனால உள்ள இருக்கற எஸ்ஐ முதல்ல, எஃப்இ ரெண்டாவது. எஃப்இ-க்கு எதிர் டிஐ, மூணாவது. எஸ்ஐ-க்கு எதிர் என்இ, நாலாவது. இதே மாதிரி ஐஎன்எஃப்பி போட்டா எஃப்ஐ, என்இ, எஸ்ஐ, டிஇ. ஐஎன்எஃப்ஜே போட்டா என்ஐ, எஃப்இ, டிஐ, எஸ்இ. இப்போ ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாருங்க, நான் ஆரம்பத்துல சொன்னது புரியும். இன்னொண்ணும் போட்டுப் பாருங்க, இஎன்எஃப்பி-யும் ஐஎஸ்டிஜே-யும், நாலு எழுத்துமே வேற, ஆனா ஃபங்ஷன் அதே நாலுதான், தலைகீழ் வரிசை.

மூணாவது ஃபங்ஷன் எந்தத் திசையில இருக்கும்ங்கறதுல பழைய ஆளுங்களுக்குள்ளயே சண்டை உண்டு, மையர்ஸ் வழியில போனா நான் சொன்னதுக்கு எதிர்த்திசை வரும். புதுசா வர்றவங்க இதுல மாட்டிக்காதீங்க, முதலும் நாலாவதும் தெளிவானா போதும்.

படி 5: நாலாவதைத் தேடுங்க

எனக்கு இதுல ரொம்ப உறுதியான கருத்து இருக்கு. உங்க பலத்தை வச்சு டைப் கண்டுபிடிக்கப் பாக்காதீங்க, ஏன்னா பலம் நமக்குப் பழகிப் போய் கண்ணுக்கே தெரியாது, அதோட எல்லாருக்கும் ஆழமா யோசிக்கறவன்னு பேர் வாங்க ஆசை, கேள்விக்கு அந்த ஆசைதான் பதில் எழுதும். நாலாவது ஃபங்ஷன் அப்படி இல்ல, அது நம்ம கையில இல்லாத இடம், களைச்சுப் போனப்போ, பயந்து போனப்போ பச்சையா வெளிய வரும். யுங்கோட கூட வேலை செஞ்ச மேரி லூயிஸ் ஃபான் ஃப்ரான்ஸ் இந்த நாலாவதைப் பத்தி மட்டுமே தனியா சொற்பொழிவு நடத்தியிருக்காங்க, அவ்ளோ முக்கியம்.

என் கதையச் சொல்றேன். டெஸ்ட்ல ஐஎன்எஃப்ஜே, ரெண்டு வருஷம் அதையே நம்பினேன். ஐஎன்எஃப்ஜே-க்கு நாலாவது எஸ்இ. எஸ்இ நாலாவதா இருக்கறவங்க உடைஞ்சு போற நேரத்துல பொதுவா புலன் பக்கம் போய் விழுவாங்க, அளவில்லாம சாப்பிடறது, விடிய விடிய எதையாவது பாத்துட்டே இருக்கறது, தேவையில்லாம வாங்கிக் குவிக்கறது. எனக்கு அது நடக்கவே இல்ல. ஒரு நாள் ராத்திரி தம்பி ஊர்ல இருந்து பஸ்ல வந்துட்டு இருந்தான், ஃபோன் ஸ்விட்ச் ஆஃப். சார்ஜ் போயிருக்கும்னு வீட்ல எல்லாரும் சொல்றாங்க. எனக்கு மட்டும் பஸ் கவிழ்ந்திருக்குமோ, இல்ல நடுவுல டீ குடிக்க இறங்கி பஸ்ஸை விட்டிருப்பானோ, யாராவது மயக்க மருந்து குடுத்திருப்பாங்களோ, இது ஒண்ணும் இல்லன்னா ஏன் இன்னும் வரலன்னு ஒண்ணுல இருந்து ஒண்ணு முளைச்சுட்டே போச்சு, நிறுத்த முடியல. நாலு மணிக்கு வந்து கதவைத் தட்டினான். அடுத்த வாரம் அதை யோசிச்சப்போதான் தெரிஞ்சுது, இது என்இ, சாத்தியங்களைத் தேடிப் போற ஃபங்ஷன், ஆனா கடிவாளம் இல்லாம ஓடுற என்இ. நாலாவது என்இ-ன்னா முதல்ல எஸ்ஐ. அப்புறம் எல்லாம் பொருந்துச்சு, புது வீட்டுக்குக் குடி போனா ஒரு வருஷம் வரைக்கும் பழைய வீட்டு ஜன்னல் வெளிச்சத்தோட ஒப்பிட்டுட்டே இருக்கறது, போன தடவை எப்படிப் பண்ணோமோ அப்படியே பண்ணா மனசு அடங்கறது. நான் ஐஎஸ்எஃப்ஜே.

மத்த நாலாவதுங்களுக்கும் ஒரு வரி. எஃப்இ நாலாவதா இருக்கறவங்க, உதாரணமா ஐஎன்டிபி, திடீர்னு என்னை யாருக்கும் பிடிக்கலன்னு வெடிப்பாங்க. டிஇ நாலாவதா இருந்தா திடீர்னு எல்லாரையும் அதட்டி லிஸ்ட் போட்டு குறை சொல்ல ஆரம்பிப்பாங்க. எஃப்ஐ நாலாவது ஆளு, இஎஸ்டிஜே மாதிரி, யாருமே என்னை மதிக்கலன்னு தனியா போய் நொந்துக்குவாரு, வெளிய சொல்லவே மாட்டாரு. எஸ்ஐ நாலாவதுக்கு உடம்புல சின்னதா ஒரு வலி வந்தாக்கூட பெரிய நோயா தெரியும். டிஐ-ன்னா முடிவே இல்லாம வாதத்தைத் தோண்டுறது, என்ஐ-ன்னா எல்லாத்துலயும் ஒரு கெட்ட சகுனம் தெரியறது.

படி 6: இதை எவ்ளோ நம்பணும்

நான் இந்த விஷயத்தை நேசிக்கறேன், அதனாலதான் இதையும் நேரா சொல்லணும். ஆராய்ச்சியாளர்கள் பக்கம் இதுக்கு பலமான ஆதாரம் கிடையாது. மனுஷங்களை அளந்தா ரெண்டு குவியலா பிரியறது இல்ல, நிறைய பேர் நடுவுலதான் நிக்கறாங்க, அதனாலதான் டெஸ்டை மறுபடி எழுதினா எழுத்து மாறுது. மெக்ரே, கோஸ்டான்னு ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் 1989-ல எம்பிடிஐ-ய பிக் ஃபைவ்ங்கற குண அளவுகளோட வச்சுப் பாத்தாங்க, நாலு எழுத்தும் அதுல நாலு அளவோட ஓரளவு ஒத்துப் போகுது, ஆனா தனித்தனி டைப்னு சொல்றதுக்கு ஆதாரம் கிடைக்கல, பதட்டம், மனக்கலக்கம் பத்தின அஞ்சாவது அளவு எம்பிடிஐ-ல இல்லவே இல்ல. ஃபங்ஷன் வரிசைக்கு ஆதாரம் அதை விடக் குறைச்சல்.

அப்போ எதுக்குப் படிக்கணும்னு கேட்டீங்கன்னா, எனக்கு இது கவனிக்கறதுக்கு ஒரு மொழி குடுத்துச்சு. தங்கச்சி துக்க வீட்ல பேசாம உக்காந்திருந்தா நான் இப்போ கோவப்படறது இல்ல. அது போதும் எனக்கு. ஆனா வேலைக்கு ஆள் எடுக்கறதுக்கு இதைப் பயன்படுத்தக் கூடாதுன்னு எம்பிடிஐ நடத்துறவங்களே சொல்றாங்க, வரன் பாக்கும்போது ஜாதகத்தோட இதையும் சேத்து வச்சு ஒத்துப் போகலன்னு தள்றது அதை விட மோசம், தயவுசெஞ்சு பண்ணாதீங்க. மனசு நிஜமாவே சரியில்லாம தூக்கம் சாப்பாடு கெட்டுப் போற அளவுக்கு இருந்தா அது நாலாவது ஃபங்ஷன் வேலைன்னு நீங்களே முடிவு கட்டாதீங்க, டாக்டரைப் பாருங்க.

படி 7: ரெண்டு வாரம் எழுதுங்க, அப்புறம் ஒருத்தரைக் கேளுங்க

ஒரு சின்ன நோட்டு போதும். ராத்திரி படுக்கறதுக்கு முன்னாடி ரெண்டு வரி. இன்னிக்கு ஒரு முடிவு எடுத்தேனே, முதல்ல மனசு எங்க போச்சு, அப்படிங்கறது ஒரு வரி. இன்னிக்கு எந்த நிமிஷத்துல நான் நானா இல்ல, அப்போ என்ன பண்ணேன், இது ரெண்டாவது வரி. ஃபங்ஷன் பேரை நோட்டுல எழுதவே எழுதாதீங்க, எழுதினா அடுத்த நாள்ல இருந்து அந்தப் பேருக்கு ஏத்த மாதிரி வாழ ஆரம்பிச்சிருவோம். நடந்ததை மட்டும். 14 நாள் கழிச்சு உக்காந்து படிச்சா ரெண்டு மூணு விஷயம் திரும்பத் திரும்ப வந்திருக்கும், அப்போ மூணாவது படியில இருக்கற ஜோடிகளோட வச்சுப் பாருங்க.

அதுக்கும் மேல, உங்க கூட பல வருஷம் ஒரே வீட்ல இருந்த ஒருத்தர்கிட்ட கேளுங்க. டைப் தியரி எல்லாம் விளக்காதீங்க, நான் பயந்து போனா என்ன பண்ணுவேன், ஒரு விஷயம் முடிவு பண்ணணும்னா முதல்ல என்ன கேப்பேன்னு இந்த ரெண்டு கேள்வி மட்டும். எங்கம்மா கீரை ஆய்ஞ்சுட்டு இருந்தாங்க, நான் கேட்டதும் நிமிந்துகூட பாக்கல. "நீயா, போன தடவை என்ன பண்ணோம்னுதான் முதல்ல கேப்ப, பயந்துட்டா ஒண்ணை ஒம்பதாக்குவ"ன்னாங்க.